எண்ணிக்கை சரி, முக்கோணம்தான் வரவில்லை

குரோஷா, அதாவது கொக்கி ஊசியில் நூல் பின்னல், போடுகிற யாரிடமாவது ஒரு கோணல் சால்வையைக் காட்டி, "இது ஏன் இப்படி வருது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "எங்கேயோ எண்ணிக்கையை விட்டுட்டே. பிரிச்சுப் போடு." சொல்கிறவர் சால்வையைக் கையில் வாங்கிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இந்தப் பதில் எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். பல சமயம் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும் என்பதுதான் சிக்கல். வரியைத் திருப்பும்போது போடுகிற மூன்று சங்கிலிக் கண்ணியையும், செயின் என்போம், ஒரு ஸ்டிட்ச்சாக எண்ண வேண்டும், அடுத்த வரி முடிகிற இடத்தில் அந்தச் செயினின் தலையில் ஊசியை நுழைக்க வேண்டும். அதை விட்டால் அந்த ஓரத்தில் ஒரு ஸ்டிட்ச் குறைந்துவிடும். ஆனால் அப்படி எங்கோ ஒரு தடவை விட்டது அந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே மாதிரி இருந்து, அப்படியும் முக்கோணம் முக்கோணமாக இல்லை என்றால் அது வேறு விஷயம். அதற்கும் "பிரிச்சுப் போடு"தான் மருந்து என்றால், பிரித்து மறுபடி போட்டாலும் அதே கோணல்தானே வரும்?

நாங்கள் சில பேர் பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பின்னுகிறோம். சென்னையில் சால்வை எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. வியர்வைக் கையில் அக்ரிலிக் நூல் ஊசியோடு ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும் ஊரில், மார்கழி விடியலைத் தவிர வேறு எப்போது போர்த்துவது என்று என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கேட்பார். ஏசி ஆபீஸ், ஏசி ரயில் பெட்டி, பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகள், கனடாவில் இருக்கும் பேத்தி என்று எங்களிடம் பதில் பட்டியல் தயாராக இருக்கிறது. உண்மையான பதில், முக்கோண சால்வை பின்ன ஆசையாக இருக்கும் என்பதுதான். கழுத்தில் சின்னதாக ஒரு வளையத்தில் தொடங்கி, வரிக்கு வரி விரிந்துகொண்டே போகும். எங்கே நிறுத்தினாலும் அது முழுசான ஒரு பொருள். ஸ்வெட்டருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே சால்வையைத் தொடங்கினார்கள். ஒருவர் மூன்றாவது மாடி ஆன்ட்டி. தாய்வீடு ஆந்திராவில் நரசாபுரம் பக்கம். குரோஷா லேஸுக்குப் பேர்போன ஊர் அது. மெல்லிய பருத்தி நூல், இரும்பு ஊசி, மேஜை விரிப்பு என்று சின்ன வயதிலிருந்தே போட்டுப் பழகிய கை. இன்னொருத்தி ஆபீஸ் போகிற பெண். போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். இரண்டு பேருக்கும் சௌகார்பேட்டைக் கடை ஒன்றில் சேர்த்துத்தான் நூல் வாங்கினோம். ஒரே கம்பெனி, ஒரே சாயத் தொகுதி, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூல். ஊசியும் இருவருக்கும் 5 மில்லிமீட்டர். செய்முறையும் ஒன்றுதான், யூடியூபில் முக்கோண சால்வை என்று தேடினால் முதலில் வருகிற வகை. வரி முழுக்க டபுள் குரோஷே என்கிற உயரமான ஸ்டிட்ச், பழைய ஆட்கள் டிரெபிள் என்று சொல்வார்களே அது. வலது ஓரத்தில் 2 ஸ்டிட்ச் கூட்டல், இடது ஓரத்தில் 2, நடுமூலையின், அதாவது கழுத்திலிருந்து கீழ் முனைக்கு இறங்கும் நடுக்கோட்டின், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. ஆக வரிக்கு 8 கூடும்.

20 வரி முடிந்ததும் இரண்டையும் தரையில் விரித்தோம். மேல் விளிம்பு ஸ்கேல் வைத்தாற்போல நேராக இருக்க வேண்டும். ஆபீஸ் பெண்ணுடையதில் கழுத்துப் பக்கம் கூரை மாதிரி எழும்பி, இரண்டு தோளும் கீழே சரிந்து, கீழ் முனை மழுங்கிக் கிடந்தது. அசல் காத்தாடி, வால் மட்டும்தான் இல்லை. ஆன்ட்டியுடையது அதற்கு நேர் எதிர். கழுத்துப் பக்கம் உள்வாங்கி, இரண்டு சிறகும் மேலே தூக்கிக்கொண்டு, கீழ் முனை கூராக நின்றது. கூடத்தில் இருந்த எல்லோரும் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்குப் போன வாரம் ஆபீஸில் வேலை அதிகம், கவனம் சிதறியிருக்கும். ஆன்ட்டிக்குக் கண்ணில் புரை, எண்ணியிருக்க மாட்டார். ஆன்ட்டிக்கு வந்ததே கோபம்! அவர் எண்ணாமல் போட்டதாகச் சொன்னதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் இரண்டையும் எண்ணினேன். முதல் வரியில் பக்கத்துக்கு 3, அதன்பின் வரிக்கு 4 கூடினால் 20-ஆம் வரியில் பக்கத்துக்கு 79 வர வேண்டும். நான்கு பக்கமும் 79, ஒன்றுகூடக் குறையவில்லை. சரி, மடித்துப் பார்ப்போம் என்று நடுக்கோட்டில் மடித்தேன். இரண்டு பாதியும் அச்சாகப் பொருந்தியது. மேல் விளிம்பின் பாதி நீளமும் கழுத்திலிருந்து முனை வரையிலான நீளமும் சமமாக இருக்க வேண்டும் என்பது நான் எப்போதும் பார்க்கிற சோதனை. அதிலும் இரண்டும் தேறின. எல்லாச் சோதனையிலும் தேறி நிற்கும் இரண்டு சால்வை, ஒன்று மேலே வளைகிறது, இன்னொன்று கீழே வளைகிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மில்லிமீட்டரில் சொல்லுங்கள்

விடை குரோஷாவே தெரியாத ஒருவரிடமிருந்து வந்தது. எங்கள் குடியிருப்பில் ஐ.சி.எஃப்.பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் இருக்கிறார். 1955-இல் தொடங்கிய அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் இல்லாத தெரு பெரம்பூரில் அபூர்வம். இரண்டு சால்வையும் மறுபடி தரையில் கிடந்தபோது அவர் தண்ணீர் மோட்டார் போட வந்தார். நின்று பார்த்தார்.

"ஏம்மா, அடியில இருக்கிற முனை எத்தனை டிகிரி வரணும்?"

"தொண்ணூறு சார். ஒரு சதுரத்தை மூலைவாட்டுல வெட்டின பாதிதான் இது."

"அப்ப டைல்ஸ் மூலையில வெச்சுப் பார்க்க வேண்டியதுதானே?"

கூடத்துத் தரை சதுர டைல்ஸ். இத்தனை நாள் அதன்மேல்தான் சால்வையைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருக்கிறோம். முனையை நான்கு டைல்ஸ் சேருமிடத்தில் வைத்து ஒரு கையை டைல்ஸ் கோட்டோடு ஒட்டினால், ஆன்ட்டியுடையதில் இன்னொரு கை கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுடையது கோட்டைத் தாண்டி வெளியே போனது. சார் குனிந்து, "ஒரு வரி ஏறும்போது எவ்ளோ ஒசரம் ஏறுது, ஓரத்துல எவ்ளோ அகலம் கூடுது?" என்றார். நான் இரண்டு ஸ்டிட்ச் கூடுகிறது என்றேன். "ஸ்டிட்ச் கணக்கு எனக்கு எதுக்கும்மா? மில்லிமீட்டர்ல சொல்லுங்க. ஒசரமும் அகலமும் சமமா இருந்தாதான் நாப்பத்தஞ்சு டிகிரி. இல்லாட்டி எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

ஸ்கேல் எடுத்து வந்தோம். ஓரத்தையும் நடுமூலையையும் விட்டு, பாதியின் நடுப்பகுதியில், துணியை இழுக்காமல் தட்டையாகப் போட்டு அளந்தோம். 20 ஸ்டிட்ச் அகலம் இருவருக்கும் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். அதாவது ஒரு ஸ்டிட்ச் 6 மில்லிமீட்டர், ஓரத்தில் கூடுகிற இரண்டு ஸ்டிட்ச் 12 மில்லிமீட்டர். அதில் வித்தியாசமே இல்லை. 10 வரி உயரம் அளந்தபோதுதான் குட்டு உடைந்தது. ஆன்ட்டிக்கு 9.5 சென்டிமீட்டர், அந்தப் பெண்ணுக்கு 14. அதாவது ஆன்ட்டியின் ஒரு வரி 9.5 மில்லிமீட்டர் ஏறும்போது ஓரம் 12 மில்லிமீட்டர் விரிகிறது, அதனால் சிறகு மேலே போகிறது. அந்தப் பெண்ணின் வரி 14 ஏறுகிறது, ஓரம் அதே 12தான், அதனால் தோள் சரிகிறது. வரிக்கு 8 கூட்டு என்று எழுதியவரின் கையில் ஒரு டபுள் குரோஷே அதன் அகலத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு உயரம். 12-க்கு 12. அந்தக் கை அவருடையது, அவ்வளவுதான்.

கோணத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அப்புறம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மேல் விளிம்பு நேராக இருக்க, கழுத்து மையத்தில் மொத்தம் 180 டிகிரி வர வேண்டும். ஆன்ட்டிக்கு சுமார் 207. அந்தப் பெண்ணுக்கு 162. ஓரம் இரண்டு, நடுமூலையின் பக்கம் இரண்டு என்று ஒரே பிசகு நான்கு இடத்தில் சேர்வதால் கண்ணுக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. மடித்துப் பார்த்தபோது தேறியதும் இதனால்தான். நான்கு இடத்திலும் பிசகு ஒரே அளவு, அப்படியிருக்க இரண்டு பாதியும் பொருந்தாமல் என்ன செய்யும்?

அகலம் ஒன்றாக இருக்க, உயரம் மட்டும் ஏன் மாறுகிறது? அகலத்தைப் பெரும்பாலும் ஊசியின் கனமும் நூலின் கனமும் தீர்மானித்துவிடும். உயரம் நம் கைப்பழக்கம். ஊசியை நுழைத்து முதல் கண்ணியை வெளியே இழுக்கிறோமே, அதை எவ்வளவு தூரம் தூக்குகிறோம் என்பதில்தான் ஸ்டிட்ச்சின் உயரம் இருக்கிறது. ஆன்ட்டி லேஸ் போட்ட கை, கண்ணியை இழுத்த வேகத்தில் கீழே அழுத்தி இறுக்கிவிடுவார். மெல்லிய நூலில் அந்த இறுக்கம்தான் பூ வேலையை நிற்க வைக்கும். அந்தப் பெண் கண்ணியை மேலே தூக்கி ஒரு கணம் விட்டுப் பிடிக்கிறாள். இதில் யார் கையையும் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

2016 ஜனவரியில் இதே சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் அமைப்பினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றைச் சேர்த்து கின்னஸ் சாதனை செய்தது பலருக்கு நினைவிருக்கும். பல ஊர்ப் பெண்கள் தனித்தனியாகப் பின்னிய சதுரங்களை இணைத்து ஆனது அது. அத்தனை கையும் ஒரே மாதிரியாகவா இருந்திருக்கும்? ஆனால் சதுரத்தில் தப்பித்துக்கொள்ளலாம். நேர் வரியில் போட்டால் வேண்டிய உயரம் வந்ததும் நிறுத்திவிடலாம், இறுக்கமான கைக்கு இரண்டு வரி கூட ஆகும், அவ்வளவுதான். முக்கோணத்தில் உயரமும் அகலமும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகின்றன. வரி கூடக் கூடக் கோணல் அப்படியே பெரிதாகுமே தவிர மாறாது.

நனைத்துக் காயவைத்தால் சரியாகுமாம்

எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக எல்லோரும் சொல்கிற ஆறுதல் இது. முடித்த பிறகு நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்தால் வடிவம் வந்துவிடும் என்பார்கள். ஆட்டு ரோமத்தில், அதுவும் இடைவெளி விட்ட லேஸ் வேலையில், நன்றாகவே வரும். நம் ஊரில் உல்லன் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக். அது தண்ணீருக்கு மசியாது. ஊசியைப் பிடுங்கியதும் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அது பிளாஸ்டிக் குடும்பம், சூட்டுக்குத்தான் இளகும். ஆவி காட்டினால் இழுத்த வடிவத்தில் நிற்கும், ஆனால் திரும்பி வர முடியாத பாதை அது. கொஞ்சம் அதிகமாகிவிட்டால் நூலின் உப்பலெல்லாம் போய், பளபளவென்று துவண்டு தொங்கும். எங்கள் கூட்டத்திலேயே ஒருவருக்கு அப்படி ஆயிற்று. கணக்காகப் பார்த்தாலும் ஆன்ட்டியின் 9.5 மில்லிமீட்டர் வரியை 12-க்கு இழுப்பது என்றால் கால் பங்குக்கு மேல் இழுக்க வேண்டும். அந்த இறுக்கத்தில் அது நடக்கிற காரியமில்லை. பின்னும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதை ஈரத்துணியின் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஓரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதிலும் பழி எண்ணிக்கைமேல்தான் விழுகிறது. உடம்பு நேராக வந்த சால்வைகூட, மேல் விளிம்பில் சிங்கிள் குரோஷே என்கிற குட்டை ஸ்டிட்ச்சை ஓட்டியதும் சுருங்கிக் குவிந்துவிடும். போர்வையின் பக்க ஓரத்தில் ஒரு டபுள் குரோஷே வரிக்கு இரண்டு சிங்கிள் போட்டுப் பழகிய கை இங்கேயும் இரண்டே போடுகிறது. இது பக்க ஓரம் இல்லை, மூலைவாட்டு. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல 1.41 மடங்கு என்பதால், இரண்டுக்குப் பதில் 2.8 வேண்டும். வரிக்கு மூன்று போடுங்கள், நேராக உட்காரும். மூலைவாட்டுத் துணி இழுபடும் என்பது ஜாக்கெட் தைக்கிறவர்களுக்குத் தெரியும், கிராஸ் என்பார்கள். ஓரம் போடாமல் விட்டால் இந்த விளிம்பும் போர்த்தப் போர்த்த நீண்டுகொண்டே போகும்.

ஆன்ட்டி பிரிக்கவில்லை

அளவு தெரிந்ததும் மாற்றுவது சுலபம். அந்தப் பெண்ணுக்கு 14 மில்லிமீட்டர் உயரத்துக்கு 14 மில்லிமீட்டர் அகலம் கூட வேண்டும், அதாவது சுமார் 2.33 ஸ்டிட்ச். கால் ஸ்டிட்ச், அரை ஸ்டிட்ச் போட முடியாதே. அதனால் மூன்று வரிக்குப் பங்கு போட்டோம். இரண்டு வரி வழக்கம்போல 2, மூன்றாவது வரியில் நான்கு இடத்திலும் 3. மூன்று வரியில் ஒவ்வொரு இடத்திலும் 7 கூடிவிடும். அவள் முழுவதையும் பிரித்து இந்தக் கணக்கில் மறுபடி தொடங்கினாள். கையை மாற்றிக்கொள், கண்ணியைத் தூக்காதே என்று யாரோ சொன்னார்கள், நான் வேண்டாம் என்றேன். பத்து வரி நினைவாகப் போடுவாள், பதினோராவது வரியில் டீவி பார்த்துக்கொண்டே பழையபடி தூக்குவாள். அப்போதுதான் நிஜமாகவே கோணும்.

ஆன்ட்டிக்கும் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு இடத்தில் வரிக்கு 1.6 போதும், ஐந்து வரியில் 8. அதாவது 2, 1, 2, 1, 2. அவர் சீட்டை வாங்கிப் படித்தார். அப்புறம் தன் கோணல் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று நடந்தார். "ஜாறலேது பாரு" என்றார், பாதித் தெலுங்கில். நழுவவில்லை! நேர் விளிம்பு சால்வை போர்த்தியவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும், பின் குத்தாவிட்டால் இரண்டு நிமிஷத்தில் முழங்கைக்கு வந்துவிடும். கழுத்துப் பக்கம் உள்வாங்கி, சிறகு மேலே வளைந்திருப்பது தோளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. விற்பனைக்கென்றே பிறை வடிவ சால்வை பின்னுகிறவர்கள் ஓரத்தில் வேண்டுமென்றே அதிகம் கூட்டுவது இதற்குத்தான். நாங்கள் குற்றம் கண்டுபிடித்த சால்வைதான் எங்களிடம் இருந்ததிலேயே போர்த்த வசதியானது. ஆன்ட்டி அதைப் பிரிக்காமல் அப்படியே தொடர்ந்தார். என்னைக் கேட்டால், கீழ் முனை மட்டும் கொஞ்சம் அதிகக் கூர். நடுமூலையில் கூட்டலைக் குறைத்து, ஓரத்தில் இரண்டையே வைத்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

கீழ் முனையில் தொடங்கி மேலே ஏறுகிற சால்வைக்கும் இதே கணக்குதான். சாதாரணமாக இரண்டு மடங்கு உயரம் வருகிற கை, ஓரத்துக்கு ஒன்று மட்டும் கூட்டினால் முனை 53 டிகிரிதான் வரும். ஒடுக்கமாக, நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும், தோளுக்கு எட்டும்போது நூல் தீர்ந்திருக்கும். 90 வேண்டுமென்றால் ஓரத்துக்கு இரண்டு. சிங்கிள் குரோஷேவுக்கு உயரமும் அகலமும் கிட்டத்தட்டச் சமம், அதற்கு ஒன்றே போதும். நான் இப்போது யார் வந்து கேட்டாலும் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னிக்கொண்டு வரச் சொல்கிறேன், 20 ஸ்டிட்ச், 10 வரி. சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

நூல் கணக்கிலும் முக்கோணம் ஏமாற்றும். அந்தப் பெண் போன ஞாயிறு, பாதி நூல் தீர்ந்துவிட்டது, சால்வையும் பாதிதான் ஆகியிருக்கும் என்று சந்தோஷமாக வந்தாள். பரப்பு உயரத்தின் வர்க்கமாகப் பெருகும், அதனால் பாதி நூல் தீரும்போது ஆழத்தில் பத்துக்கு ஏழு பங்கு முடிந்து மூன்று பங்குதான் மிச்சம் இருக்கும். கடைசி வரிகள்தான் நூலை விழுங்கும். 35 சென்டிமீட்டர் ஆழம் வந்திருந்தால் கையிலிருக்கும் நூலுக்கு 50 வரைதான் போகலாம், அவளுக்கோ 60 வேண்டுமாம். மேல் ஓரத்துக்கு வேறு நூல் எடுத்து வைக்க வேண்டும். சமையலறைத் தராசில் உருண்டைகளை நிறுத்துப் பார்த்துவிட்டு, லேபிளைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். அதே சாயத் தொகுதி இன்னும் இருக்குமா என்று பார்க்க சனிக்கிழமை சௌகார்பேட்டை போகிறோம்.